வெளிச்சுவர் மூலை

வானொலி நிலையத்தில் எல்லோருக்கும் அவர் நாற்பத்தஞ்சு. அது அவர் வயது இல்லை, வயது ஐம்பத்திரண்டு. செருப்பு சைஸும் இல்லை. தினமும் காலை பத்து மணிக்குக் கீழ்த்தளத்துக்கு இறங்கி, அங்கே தொங்கும் மீட்டரில் காற்றில் எத்தனை சதவீதம் ஈரம் என்று பார்த்து, மேலே வந்து நோட்டில் எழுதிவிட்டு, மேனேஜர் அறை வாசலில் நின்று சத்தம் போடுவார்: "நாற்பத்தஞ்சு சார்!" பதினோரு வருஷமாக இதே எண். ஊரே மழையில் ஊறி, மேலே அலுவலகத்துக் கதவெல்லாம் உப்பி மூட முடியாமல் கிடந்த நாட்களிலும் நாற்பத்தஞ்சு. அப்புறம் பேர் ஒட்டாமல் என்ன செய்யும்?

"அண்ணே, உங்களுக்குக் காய்ச்சல் வந்தா தெர்மாமீட்டர்கூட நாற்பத்தஞ்சுதான் காட்டும்போல" என்று கேன்டீனில் கிண்டல் அடிப்பார்கள்.

"அப்படிக் காட்டினா நான் போய்ச் சேர்ந்துட்டேன்னு அர்த்தம்டா. அப்பவும் கீழ காஞ்சுதான் கிடக்கும், போய்ப் பாரு."

பெருமைதான். இருக்காதா? கீழே இருப்பவை நாலாயிரம் ஒலிநாடாக்கள், நிலையத்தின் நாற்பது வருஷப் பேச்சு. காற்றில் ஈரம் ஐம்பதைத் தாண்டினால் நாடா பிசுபிசுக்கும், இன்னும் ஏறினால் பூசணம் பூக்கும் என்று வேலையில் சேர்ந்த அன்றே அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஈரத்தை இழுக்கிற மெஷின் ஒன்று, ஆள் உயரத்துக்கு, படிக்கட்டின் அடியிலேயே நிற்கிறது. அது இழுத்துச் சேர்த்த தண்ணீரைக் காலையில் வாளியோடு தூக்கிக் கொட்டுவார். அந்த மெஷின் எப்போதும் ஓடிக்கொண்டிருக்காது, காற்று போதுமான அளவு காய்ந்ததும் தானே நின்றுவிடும். அது நின்று கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நாற்பத்தஞ்சுக்கு உச்சி குளிர்ந்துவிடும். மெஷினுக்கே வேலை இல்லாத அளவுக்கு அறை உலர்ந்திருக்கிறதென்றால் சும்மாவா!

அந்த நாலாயிரத்தில் முப்பத்தாறு பெட்டிகள் மட்டும் அவருடைய சொந்தச் சொத்து மாதிரி. அவை அக்காவின் குரல். மற்றபடி அவள் வாசித்ததெல்லாம் நேரலை, பதிவே கிடையாது.

அக்கா அந்த நிலையத்தில் இருபத்தாறு வருஷம் மாலைச் செய்தி வாசித்தவள். அவள் கடையில் போய், "அரைக் கிலோ வெங்காயம் குடுங்க" என்றால், குனிந்து மூட்டை பிரித்துக்கொண்டிருந்த கடைக்காரர் சடாரென நிமிர்ந்து பார்ப்பார். "ஏன்மா, இந்த விலையையும் ஆறு மணிக்கு வாசிச்சிருவீங்களா?" என்பார். அம்மா போனபின் பத்து வயதுத் தம்பியை இழுத்துக்கொண்டு வந்து படிக்க வைத்தவளும் அவள்தான். படிப்பு ஏறாமல் சில்லறை வேலைகள் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, நாற்பதைத் தாண்டியபின், அதே நிலையத்தில் சொல்லிக் காவல் வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். கல்யாணம் இருவருக்குமே நடக்கவில்லை. வீட்டில் இரண்டு பேர், ஒரு ரேடியோ, ஓயாத சண்டை. சண்டையிலும் அக்காதான் ஜெயிப்பாள். அந்தக் குரலில் யார் எது சொன்னாலும் அது செய்தி ஆகிவிடுமே.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் குரல் கரகரத்தது. சளி என்றார்கள், அலர்ஜி என்றார்கள். கடைசியில் தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷனுக்குப் பத்து நாள் முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து, "இப்ப இருக்குற குரலையாவது பதிவு பண்ணி வச்சுக்கலாம்மா. பின்னால அதை வச்சு உங்க குரல்லயே பேசுற மாதிரி ஃபோன்ல செஞ்சு தருவாங்க" என்றாள். அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பே தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருந்தது.

"இந்தத் தவளைக் குரலையா? வேண்டாம்மா. நல்ல குரல் கீழ பத்திரமா இருக்கு. என் தம்பி காவல்."

நாற்பத்தஞ்சு பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். "நாற்பத்தஞ்சுலயே வச்சிருக்கேன்க்கா."

ஆபரேஷன் முடிந்தது. கழுத்தடியில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. பேசுவதற்கு ஒரு கருவி கொடுத்தார்கள், தொண்டையில் வைத்து அழுத்தினால் ரீங்காரமாகச் சத்தம் வரும். ஒரே ஒரு நாள் அதை வைத்து அக்கா "தண்ணி" என்றாள். அடுத்த நிமிஷம் அதை அலமாரிக்கு மேல் எறிந்துவிட்டு, சின்னக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாள்: குளவி கடிச்சுச் செத்தவன் பேசுற மாதிரி இருக்கு. அன்றிலிருந்து பலகைதான். கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள், ஏனென்றால் அந்தக் கடைக்காரர் இப்போது அவளைச் செவிடு என்று நினைத்துக்கொண்டு காதருகே வந்து கத்துகிறார். யார் வீட்டுக்கு வந்தாலும் உள்ளறைக்குப் போய்விடுவாள். எட்டு மாதமாக அவள் காத்துக்கொண்டிருந்தது ஒன்றுக்காகத்தான். குரல் செய்து தரும் கம்பெனி இரண்டு மணி நேரம் தெளிவான வாசிப்பு கேட்டிருந்தது. வரிசையில் இவள் முறை வந்துவிட்டது, அடுத்த திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

பலகையில் அவள் எழுதியது: குரல் வரட்டும். முதல்ல உன்னைத் திட்டணும். லிஸ்ட் போட்டு வச்சிருக்கேன்.

"போடு போடு. காது குளிரக் கேக்கிறேன்."

இரண்டு மணி நேரம் என்ன பெரிய விஷயம்? கீழே முப்பத்தாறு பெட்டி, பெட்டிக்கு அரை மணி நேரம். பதினெட்டு மணி நேரம் வாசித்து வைத்திருக்கிறாள் மகராசி.

நாடாவை ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்ற நிலையத்திலேயே ஓர் ஒலிப்பதிவுக்காரி இருந்தாள், சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். செவ்வாய்க்கிழமை காலை இருவரும் இறங்கினார்கள். நாற்பத்தஞ்சு டார்ச்சை மீட்டர் மேல் அடித்துக் காட்டினார், சாமி காட்டுகிற மாதிரி.

"பாத்தியாம்மா?"

"நாற்பத்தஞ்சேதான்! நான் கதை விடுறீங்கன்னு நெனச்சேன்ணே."

அக்காவின் பெட்டிகள் அங்கே இல்லை. மற்ற நாடாக்களோடு அவற்றை வைக்க அவருக்கு மனசு வந்ததில்லை. படிக்கட்டுப் பக்கம் என்றால் ஆள் நடமாட்டம், தூசி. நடுவில் என்றால் மேலே தண்ணீர்க் குழாய் போகிறது, என்றைக்காவது ஒழுகித் தொலைத்தால்? அதனால் பதினோரு வருஷத்துக்கு முன்னாலேயே, சேர்ந்த முதல் மாதத்திலேயே, முப்பத்தாறையும் கோடி மூலைக்குக் கொண்டுபோனார். வெளிச்சுவரை ஒட்டிக் கடைசி அலமாரி. ஒவ்வொரு பெட்டியையும் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை மூன்று சுற்று டேப் ஒட்டி, ஈ நுழையாமல் கட்டினார். எறும்புகூட வராதபடி முன்னால் தட்டி மாதிரி வரிசையாகக் காகித மூட்டைகளைக் கூரை வரைக்கும் அடுக்கினார். கண்ணுக்குள் வைத்துக் காப்பது என்பார்களே, அதுதான்.

மூட்டைகளை நகர்த்தவே முக்கால் மணி நேரம் ஆனது. கடைசி மூட்டை நகர்ந்ததும் ஒரு வாடை வந்தது. நனைந்த நாய் படுத்த சாக்கு மாதிரி.

ஒலிப்பதிவுக்காரி சுவரைத் தொட்டாள். விரலை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு தோள்பையிலிருந்து ஒரு சின்ன மீட்டரை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"அண்ணே, இங்க எண்பத்திநாலு காட்டுது."

"உன் மீட்டர் பழுதும்மா."

"இருக்கலாம்ணே." அதை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு நடந்தாள். அவரும் பின்னாலேயே போனார். அவருடைய மீட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். பத்து நிமிஷம். நாற்பத்தாறு. அப்புறம் நாற்பத்தஞ்சு.

இரண்டு மீட்டரும் அக்கா தங்கச்சி மாதிரி ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நேர் கீழே ஈரம் இழுக்கும் மெஷின், உலர்ந்த வெதுவெதுப்பான காற்றை அவற்றின் முகத்திலேயே ஊதிக்கொண்டிருந்தது.

"இதை யாருண்ணே இங்க மாட்டினது?"

"நான்தான். இங்கதான் ஆணி இருந்துச்சு. படியில நின்னே பாத்துக்கலாம், முட்டி வலிக்காது."

அவள் மெதுவாகச் சொன்னாள், திட்டுகிற மாதிரி இல்லாமல், அதுதான் இன்னும் மோசம். "ஏசி முன்னாடி நின்னுக்கிட்டு ஊரே குளிருதுன்னு சொன்ன மாதிரிண்ணே இது. மெஷின் விட்ட காத்தைத்தான் மீட்டர் பாத்திருக்கு. மெஷினும் தன் காத்தையே திருப்பி இழுத்துட்டு, வேலை முடிஞ்சிருச்சுன்னு நின்னுருக்கு. இந்த மூட்டையெல்லாம் தாண்டி அந்த மூலைக்கு எதுவுமே போகல. அது வெளிச்சுவர் வேற, எப்பவும் சில்லுன்னு இருக்கும். ஈரமெல்லாம் அங்கதான் போய் ஒட்டும்."

"பையில கட்டித்தானம்மா வச்சேன்! மூணு சுத்து!"

"என்னைக்குண்ணே கட்டினீங்க?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. நல்ல மழை அன்றைக்கு. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைக்கூடக் கழற்றாமல் கட்டினார். பைக்குள் போனது நாடா மட்டும் இல்லை, அன்றைய காற்றும் போயிருக்கிறது. வெளியே வர வழி இல்லாமல் பதினோரு வருஷம் உள்ளேயே இருந்திருக்கிறது.

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஒண்ணு ரெண்டு போயிருக்கும். முப்பத்தாறும் போகுமா?"

முதல் பையை வெட்டினார்கள். அட்டைப் பெட்டி கஞ்சி மாதிரி விரலோடு வந்தது. நாடாச் சுருளின் மேல் வெள்ளையாகப் பஞ்சு பூத்திருந்தது. இரண்டாவது அப்படியே. மூன்றாவதில் பஞ்சு இல்லை, அவர் "ஆ, பாத்தியா!" என்று கத்தியேவிட்டார். மேலே கொண்டுபோய் நாடா ஓட்டும் மெஷினில் மாட்டினாள். நாடா நகரவில்லை. கையால் மெல்லச் சுற்றினாள். ஒரு சுற்று, கீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாடா சுருளிலிருந்து பிரிந்து வந்தது, ஆனால் பழுப்பு நிறம் அதனோடு வரவில்லை. பழுப்பெல்லாம் கீழ்ச்சுற்றில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் கையில் வந்தது கண்ணாடி மாதிரி வெறும் தாள். அதற்கு அந்தப் பக்கம் அவருடைய முகம் தெரிந்தது.

"குரல் அந்தப் பழுப்புலதான்ணே இருக்கும்" என்றாள்.

அவள் விட்டுவிடவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். பிசுபிசுத்த நாடாவை இளஞ்சூட்டில் எட்டு மணி நேரம் காயவைத்தால் சில சமயம் ஒரே ஒரு தடவை ஓடும் என்று எங்கேயோ கேட்டு வைத்திருந்தாள். முப்பத்தாறு பையையும் பிரித்து, பூசணம் குறைவாக இருந்த ஆறு சுருள்களைத் தேர்ந்தெடுத்தாள். புதன் முழுக்கக் காய்ந்தன. வியாழன் ஒவ்வொன்றாக ஓட்டினாள். நாற்பத்தஞ்சு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். காதில் இரைச்சல், இரைச்சல், வேறொன்றும் இல்லை. நாலாவது சுருளில் இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஏறி இறங்கியது. கதவுக்கு அந்தப் பக்கம், சுவருக்கு அந்தப் பக்கம், ஒருத்தி பேசுகிற மாதிரி. ஏற்ற இறக்கம் மட்டும். ஒரு வார்த்தை இல்லை.

"அக்காதான்! அக்காதாம்மா இது! இதுலேர்ந்து எடுக்க முடியாதா?"

அவள் தலையை ஆட்டினாள். அந்த ஏற்ற இறக்கமும் பதினாறு வினாடியில் நின்றது. பழுப்புத் தூள் மெஷின் மேல் மூக்குப்பொடி மாதிரி கொட்டிக் கிடந்தது. மிச்சம் இரண்டும் ஓடவே இல்லை.

இதில் வயிறு எரிகிற விஷயம் என்னவென்றால், ஈரம் இழுக்கும் மெஷின் பக்கத்தில், அந்த மீட்டருக்குக் கீழே, கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகள் பளபளவென்று இருந்தன. ஒலிப்பதிவுக்காரி ஒரு நப்பாசையில் அவற்றில் இரண்டை ஓட்டிப் பார்த்தாள். சோப்பு விளம்பரம், யாரோ ஓர் ஆண் குரல், நேற்றுப் பேசின மாதிரி கணீரென்று. மூட்டுவலித் தைலம், அதுவும் கணீர். அக்காவுக்கு அங்கே இடம் கொடுக்க மனசு வராத தம்பி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போனபோது அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. பலகையை நீட்டினாள்: என்ன ஆச்சு?

"அக்கா, அது வந்து, நாடா ஓட்டுற மெஷின் ரிப்பேர்க்கா. ஆள் வரணும். வந்ததும் முடிஞ்சிரும்க்கா."

அவள் அவரையே பார்த்தாள். அழித்துவிட்டு எழுதினாள்: நீ பொய் சொன்னா ஒரே மூச்சுல மூணு தடவை அக்கா போடுவ.

அவர் சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஆணி, மீட்டர், மூட்டை, பை, மழை. நடுவில் ஒரு தடவைகூட அக்கா என்று கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை.

அவள் பலகையை மடியில் போட்டு அழுத்தி எழுதினாள், சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

நான் பாக்கணும்.

"கீழயா? வேண்டாம். தூசி, பூசணம். அந்தத் துளை வழியா உள்ள போனா..."

அதே வரியின் மேல் இன்னொரு தடவை எழுதினாள்.

சனிக்கிழமை காலை ஒலிப்பதிவுக்காரி வாசலிலேயே காத்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும், "மேடம், சின்ன வயசுல உங்க குரல் கேட்டுத்தான் எங்க வீட்டுல விளக்கு போடுவாங்க" என்று ஆரம்பித்தாள், பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்காவின் கழுத்துத் துளைமேல் மெல்லிய துணி இருந்தது, அதற்கு மேல் இன்னொரு ஈரத்துணியைக் கட்டிவிட்டாள். பலகை வேண்டாம், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்குங்கள் என்றாள். பலகை மேலேயே மேஜையில் நின்றது.

இருபத்திரண்டு படி. மூலைக்கு வந்ததும் நாற்பத்தஞ்சு மூச்சைப் பிடித்துக்கொண்டார், அந்த வாடை அப்படி. அக்கா சாதாரணமாக நின்றாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கழுத்து வழியாக மூச்சு விடுகிறவளுக்கு மூக்கில் காற்றே ஏறாது. வாடை தெரியாது. அழுகல் நாறுவதுகூட அவளுக்குக் கிடையாது.

அவளே ஒரு பையை எடுத்தாள். வெட்டியிருந்த வாய்க்குள் கை விட்டு ஒரு சுருளை வெளியே எடுத்தாள். பெட்டியில் அவள் கையெழுத்தில் தேதி இருந்திருக்க வேண்டும், நீல மை மேகம் மாதிரிக் கலைந்திருந்தது. நாடாவின் நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒரு முழம் வெறும் தாளாக வந்தது. இன்னும் இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. காலடியில் கண்ணாடிச் சுருளாகக் குவிந்தது. உள்ளங்கை பழுப்பாக ஆகிவிட்டது. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"மேடம், போதும், தூள் பறக்குது" என்றாள் ஒலிப்பதிவுக்காரி.

அக்கா பலகைக்காகப் பக்கத்தில் தடவினாள். இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு சுவர் பக்கம் திரும்பினாள். வெளிச்சுவர் வியர்த்துப் பளபளத்தது. அதில் விரலால் எழுதினாள்.

ஒரு தடவைகூடவா வந்து பாக்கல?

"மீட்டர் நாற்பத்தஞ்சு காட்டுச்சு" என்றார் அவர். சொன்ன பிறகு அது அவருக்கே கேட்டது. "நல்லா இருக்குன்னே நெனச்சேன். பிரிச்சா காத்து போயிரும்னு பிரிக்கல. உன்னோடதுன்னுதான் பிரிக்கல."

எழுத்துகளிலிருந்து தண்ணீர் இறங்கி ஒன்றோடொன்று சேர்ந்தது. அவள் உள்ளங்கையால் அந்த இடத்தைத் துடைத்தாள், சுவரில் பழுப்பாக ஒரு பட்டை விழுந்தது. அதற்குப் பக்கத்தில் மறுபடி எழுதினாள்.

நீ வராதே.

"எங்க? மேலயா? படி ஏறும்போது பிடிச்சுக்க வேண்டாமா?"

அவள் விரல் அந்த இரண்டு சொல்லுக்கும் கீழே ஒரு கோடு இழுத்தது. பிறகு ஒலிப்பதிவுக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அவர் மூலையிலேயே நின்றார். அலமாரிகளின் இடுக்கு வழியாகப் படிக்கட்டின் கீழ்ப்பாதி தெரிந்தது. அவள் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினாள். எட்டாவது படியில் இருமல் பிடித்துக்கொண்டது. தொண்டை இல்லாத இருமல், வெறும் காற்று, பம்ப் அடிக்கிற மாதிரி. உடம்பு இரண்டாக மடிந்தது.

"அண்ணே, வாங்க!" என்று ஒலிப்பதிவுக்காரி கத்தினாள்.

அவர் ஓடினார். மூட்டைகளில் இடித்துக்கொண்டு, மெஷினைத் தாண்டி, முதல் படியில் கால் வைத்தார். அக்கா திரும்பவில்லை. குனிந்தபடியே, இருமியபடியே, ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்ளங்கையைக் காட்டினாள். பழுப்பு இன்னும் ஈரமாக இருந்தது.

அவர் படியிலிருந்து காலை எடுத்தார்.